ஈரோட்டில் விட்டு வந்த தண்டவாளம்

கண்ணு,

கடிதம் என்றால் இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டுமாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. எனக்கு வலது கண் மங்கிவிட்டது. மிளகுக் கொடியில் பாதி இந்த மழைக்கு அழுகிவிட்டது. இதற்குப் பெயர் நலம் என்றால் நலமாகத்தான் இருக்கிறோம். உன் கடிதம் சேந்தமங்கலத்துத் தபாலாபீஸில் இறங்கி, வாழைத்தார் விற்கப் போன நம் ஊர் ஆள் ஒருவன் கையில் ஏறி, அவன் மடியில் இரண்டு நாள் வெற்றிலையோடு கிடந்து, நேற்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. சுண்ணாம்புக் கறை படிந்த இடங்களைத் தவிர மற்றதெல்லாம் படிக்க முடிந்தது. படிக்க முடியாத இடத்தில் நல்ல விஷயம் ஏதாவது எழுதியிருந்தாயோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பம்பாயில் ரயில் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை வண்டி ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நம் ஜனத்தில் திருச்சியைத் தாண்டிப் போனவன் எவனும் இல்லை, நீயாவது போய்ப் பார். அதற்கு முன்னால் சனி, ஞாயிறு இரண்டு நாள் உனக்கு லீவாம். அந்த இரண்டு நாளை என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர், அதில் ஒருவனுடைய சித்தப்பாவின் கார், யாரிடமோ கெஞ்சி வாங்கிய பெட்ரோல் சீட்டு. திருச்சியில் கிளம்பிக் கரூர், நாமக்கல், சேலம் என்று ஊர் ஊராக விளையாட்டு ரயில் விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பட்டியலும் போட்டாயிற்று. எதற்கு? உன் ஒன்பதாவது வயதில் நான் கொண்டுவந்த சாவி இஞ்சினுக்குத் தண்டவாளம் தேட. மீசை முளைத்த மூன்று ஆண்பிள்ளைகள், கிலுகிலுப்பை விற்கிற கடையாகப் பார்த்து ஏறி இறங்கப் போகிறீர்கள். சண்டை முடிந்து இன்னும் அரிசிக்கு வரிசையில் நிற்கிற தேசத்தில் இது ஒன்றுதான் குறைச்சல். கடைசி வரியில், மலைமேல் வந்துபோக நேரம் இருக்காது போலிருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறாய். சொல்கிற வேலை எனக்கு வைக்கவில்லை. படிக்கச் சொல்லி அவளே எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டாள்.

அந்தப் பட்டியலை மூன்று தடவை படித்தேன். அதில் ஈரோடு இல்லை. ஈரோட்டில் அப்போதே பார்த்தாயிற்று, அகலம் சேரவில்லை என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். அகலம் சேர்ந்தது, கண்ணு. சேரவில்லை என்று சொன்னது பொய். சொன்னவன் நான். நீ எந்தக் கோபத்தில் எங்கள் முகத்தில் விழிக்காமல் பம்பாய்க்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. இதைப் படித்த பிறகும் வராமல் போனாயானால் காரணமாவது இருக்கும். கிழித்துப் போடத் தோன்றினால் போடு, கடைசிவரை படித்துவிட்டுப் போடு.

முதலில் இருந்தே சொல்கிறேன். உனக்கு அப்போது பாதிதான் தெரியும், மீதியை நான் எப்போதும் என் வசதிக்குத்தான் சொல்லியிருக்கிறேன். சேலத்தில் ஒரு கோர்ட்டு வழக்கில் சாட்சி சொல்லப் போயிருந்தேன். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்களை அன்று அவன் பங்களா வாசலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லிமலைக்காரன் எதற்கு அங்கே போய் நின்றேன் என்று கேட்காதே. வேடிக்கை பார்க்கத்தான். நாற்காலி, பீங்கான், மீன் தொட்டி என்று போன பிறகு, பச்சை வண்ணம் அடித்த ஒரு தகர இஞ்சினும் இரண்டு பெட்டிகளும் வந்தன. ஏலக்காரன் சாவியைத் திருகி இஞ்சினைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றியது. வேறு யாரும் கேட்காததால் அது எனக்கு வந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது அவன் காலடியில் இன்னொரு மரப்பெட்டியைக் காட்டி, இந்தக் கம்பியும் அதோடு சேர்ந்ததுதான், வேண்டாமா என்று கேட்டான். வளைந்த தகரக் கம்பிகள் கிடந்தன. நான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். கம்பி வைத்திருக்கிறவன் கம்பியை விற்கத்தான் பார்ப்பான், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீயும் உன் சிநேகிதர்களும் காரில் படித்துச் சிரியுங்கள். நிஜ ரயிலை அதற்கு முன் ஒரே ஒரு தடவை சேலத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் இரண்டு இரும்பு போட்டிருந்ததும் கண்ணில் பட்டது. அவ்வளவு கனம் உள்ள வண்டி மண்ணில் புதைந்துவிடாமல் இருக்க இரும்பைப் போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளங்கை அகலத் தகர வண்டி எங்கே புதையப் போகிறது? நம் மலையில் மாட்டு வண்டி கிடையாது, கட்டை வண்டி கிடையாது. சாமை மூட்டையிலிருந்து பிணம் வரைக்கும் ஆள் தோளில்தான் போகும். மலையில் உருண்டு போகிற சாமான் ஒன்று உண்டென்றால் அது காம்பு இற்று விழுந்த பலாப்பழம். நடக்கிறவன் கால்தான் இங்கே பாதை போடும். வண்டிக்கு முன்னால் அதன் பாதையையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று எந்த மலைக்காரனுக்குத் தோன்றும்? தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த ஏலக்காரன் சொல்லியிருப்பான். கேட்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

இஞ்சினைத் துண்டில் சுற்றி, மலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சுமந்துவந்தேன். நம் தேவனூர் நாட்டு ஊர்களில் பாதிப்பேர் நம் வாசலில் கூடிவிட்டார்கள். நானே சொல்லி அனுப்பிக் கூட்டியதுதான், அதையும் மறைக்கவில்லை. மெழுகிய தரையில் வைத்துச் சாவி கொடுத்தேன். ஒரு சாண் ஓடியது. பிறகு ஒருபக்கமாகத் திரும்பி உரலில் முட்டிக் கவிழ்ந்து, மல்லாந்த வண்டுபோல் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி கவிழ்ந்தது. கூட்டத்தில் ஒருவன், கவுண்டர் கொண்டாந்த ரயிலுக்கு மலைக்காத்து ஒத்துக்கலீங்க என்றான். அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நீ மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தின் உள்ஓரத்தில் இருந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுக்குப் பாதை வேணுமுங்க” என்றாய். ஒன்பது வயதுப் பையனுக்கு அரை நிமிஷத்தில் தெரிந்தது எனக்குச் சேலம் போய் வந்தும் தெரியவில்லை. அதற்காக உன்னைத் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும். வாயை மூடு என்றேன்.

நீ மூங்கிலைப் பிளந்து சிராய் சீவி இரண்டு கம்பியாகப் பதித்துப் பார்த்தாய். நேராக இருக்கும்வரை ஓடியது, வளைவில் கழன்றது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, கீழே போய்க் கடை கடையாகத் தேடித் தண்டவாளம் வாங்கி வருவோம் என்று உன்னிடம் சொன்னேன். நீ அதை உன்மேல் உள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டாய். இல்லை. சிரித்தவர்களை மறுபடி அதே வாசலில் கூட்டி வைத்து வண்டி ஓடுவதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. உன் ஆசை அதில் ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

கார் உன் மாமன் கொண்டுவந்தான். அவனுக்கு மலை பிடிக்கவில்லை, உழவு பிடிக்கவில்லை, சேந்தமங்கலத்தில் ஒரு மரக் கண்டிராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்து தலையில் எண்ணெய் வழிய வகிடு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. முதலாளி குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார். அவரிடம் கேட்காமலே சனிக்கிழமை காலை காரவள்ளியில் காரோடு நின்றான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது அவனுக்காகவே சொல்லி வைத்தது. மலையில் இருக்கும்வரை என் முன்னால் உட்காராதவன், அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவை அறைஞ்சு சாத்தாதீங்க மச்சான், இது மாட்டுக் கொட்டாய் இல்லீங்க என்று எனக்குப் புத்தி சொன்னான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். நாமக்கல்லுக்கு முன்னால் ஒரு தடவையும் ராசிபுரத்துக்கு முன்னால் ஒரு தடவையும் இறங்கி வாந்தி எடுத்தேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று, காலையில் குடித்த கூழ் சரியில்லை என்றேன். நீ பின் சீட்டில் இஞ்சினை மடியில் வைத்து, மைல் கல்லை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாய்.

நாமக்கல்லில் ஒரே கடை. வளையல், சீப்பு, மரப்பாச்சி, நடைவண்டி. தண்டவாளம் என்றதும் கடைக்காரன் எங்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவைத்தான். அவனைப் போன்ற மண்டூகம் கடை வைத்திருப்பதால்தான் நாமக்கல் நாமக்கல்லாகவே இருக்கிறது. சேலத்தில் மூன்று கடை. முதல் கடை கண்ணாடி அலமாரி போட்டது. அங்கே இருந்தவன் இஞ்சினைக் கையில் வாங்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இது சீமைச் சாமான், இதை நீங்கள் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். இரண்டாவது கடைக்காரன் இதைப் பழைய தகரத்துக்குப் போட்டுவிட்டு அவனிடம் இருக்கிற புது ரயிலை வாங்கிக்கொள்ளச் சொன்னான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உன் மாமனிடம் மெதுவாகச் சொன்னான், என் காதில் விழும்படியான மெதுவு. மூன்றாவது கடைக்காரன் கல்லாவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதற்குத் திட்டினான். ஒவ்வொரு கடையிலும் நீ மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக் காட்டினாய். அதில் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள அகலத்தைக் கத்தியால் கீறி வைத்திருந்தாய். எவனும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், என் தலைக்கட்டைப் பார்த்தார்கள். இதைச் சொல்வது அவர்களைக் குறை சொல்ல இல்லை, அப்படிப்பட்டவர்கள் நாட்டில் ஈசல்போல இருக்கிறார்கள். அந்த நாலு கடையில் பட்டதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஐந்தாவது கடைக்குள் நுழைந்தேன் என்பதைச் சொல்ல வந்தேன்.

அன்று சத்திரத்தில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போனோம். ரயில் ஊர், அங்கே இல்லாமல் போகாது என்று உன் மாமன் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு. ஸ்டேஷனுக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து ஒரு கடிகாரக் கடையைக் கண்டுபிடித்தோம். முன்னால்தான் கடிகாரம். உள்ளே ஒரு கூடம், தரை முழுவதும் தண்டவாளம். இஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்தக் கடைக்காரர். நரைத்த தலை, இடுப்பில் ஒரு காக்கி அரைக்கால் சட்டை. முட்டி போட்டுக்கொண்டு ஒரு விளையாட்டு ரயிலுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன கோமாளித்தனம் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. உனக்கு அப்படி இல்லை. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய்விட்டாய். அவர் வா கண்ணு என்றார், பேர் கேட்டார், உன் குச்சியை வாங்கிப் பார்த்தார். பார்த்த முதல் ஆள் அவர்தான். பிறகு இரண்டு பேரும் கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்து, ரயில் எதிரே வருகிறதைப் பார்த்துச் சிரித்தீர்கள். உன்னை நான் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

இஞ்சினைக் காரிலிருந்து எடுத்து வா என்று அவர் உன்னை அனுப்பினார். நீ ஓடினாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்து, வளைவுத் தண்டவாளம் ஒன்றை எடுத்து உன் குச்சியை அதன்மேல் வைத்தார். நீ கீறிய இரண்டு கோட்டுக்கும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. “இது பழைய அகலமுங்க, இப்ப எவனும் செய்யறதில்லை. எம்பட பையனுக்கு வாங்குனது, ஒரு வட்டத்துக்கு வரும். அவன் இல்லீங்க இப்ப. இந்தப் பையன் வச்சுக்கட்டும்” என்று பையோடு என் கையில் கொடுத்தார். விலை என்ன என்றேன். “உங்ககிட்ட என்னத்தெ வாங்கறதுங்க” என்றார்.

இப்போது இதை எழுதும்போது அந்த மனிதர் என்ன சொன்னார் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. செத்துப்போன பையனுடைய சாமானுக்கு எந்தத் தகப்பன் விலை சொல்வான்? அன்று என் காதில் விழுந்தது வேறு. உங்ககிட்ட என்றது மட்டும்தான் விழுந்தது. மலைக்காரனிடம் என்ன இருக்கும் வாங்க, பரதேசிக்குப் போடுகிற பிச்சை என்று எடுத்துக்கொண்டேன். சேலத்து மூன்று பேரையும் நாமக்கல்காரனையும் ஒன்றும் சொல்லாமல் விட்டவன், மரியாதையாகப் பேசிய ஒரே ஆளிடம் வீரத்தைக் காட்டினேன். பையை அவர் காலடியில் போட்டேன். “எங்க ஊட்டுப் பையன் எளவு ஊட்டுச் சாமானை எடுத்து விளையாட மாட்டான்” என்றேன். அந்த வார்த்தை, கண்ணு, அப்படியேதான் சொன்னேன். அவர் குனிந்து பையை எடுத்துத் தூசி தட்டினார். நான் வெளியே வந்தேன்.

வாசலில் நீ இஞ்சினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாய். அகலம் சேரவில்லை, வா என்றேன். “அளந்து பாத்தாருங்களா அப்பா?” என்று கேட்டாய். பார்த்தார், சேரவில்லை, இந்த அகலத்தை இப்போது எவனும் செய்வதில்லையாம் என்றேன். பாதி அவர் சொன்னது, பாதி நான் சேர்த்தது. பொய் நன்றாக நிற்க வேண்டுமென்றால் ஒரு கால் நிஜமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாய். வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றினேன். திருச்செங்கோடு தாண்டும்வரை நீ பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை திருப்பச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய். திருப்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் உன்னைச் சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். நீ வளர்ந்து லீவுக்கு லீவு வருவது குறைந்தது. வந்தாலும் அம்மாவோடு பேசுவாய், என்னோடு மழையைப் பற்றிப் பேசுவாய். படிப்பு முடிந்து ரயில் ஆபீஸில்தான் சேருவேன் என்று நீ நின்றபோது, கண்டவன் மூட்டைக்குச் சீட்டு எழுதப் பிறந்தாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போன இரண்டாம் வருஷம், மஞ்சள் விலை விசாரிக்கிற சாக்கில் நான் தனியாக ஈரோட்டுக்குப் போனேன். அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு கடிகாரத்தைத் திறந்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். போய் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பத்து அடி தூரம். ஒரு மலையையே ஏறி இறங்குகிற காலுக்குப் பத்து அடி முடியவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மஞ்சள் விலையையும் விசாரிக்கவில்லை.

நேற்று உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தேன். தகர வண்டிக்குத் தேடப் போக நேரம் இருக்கிறதாம், பெற்றவர்களைப் பார்க்க நேரம் இல்லையாம், இவன் படிப்பில் இடி விழ, இவன் சிநேகிதர்கள் காரில் இடி விழ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். “ஏனுங்க, ஈரோட்டுல என்ன நடந்துச்சுன்னு எந்தம்பி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டானுங்க. அவன் வாசப்படியிலதான் நின்னானாம். நீங்களா ஒரு நாளைக்குப் பையன்கிட்டச் சொல்லுவீங்கன்னு பன்னெண்டு வருசமாப் பாத்துட்டிருக்கறேன். அவன் கண்காணாத ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லிப்போடுங்க” என்றாள். அவ்வளவுதான், மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து எனக்குக் களி போட்டவள், என்னை முழுக்கத் தெரிந்துகொண்டு போட்டிருக்கிறாள். நான் ஊரில் எல்லோரையும் எடைபோட்டுப் பேசுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. வீட்டுக்குள்ளேயே ஒருத்தி என்னை எடைபோட்டு வைத்திருந்தது தெரியவில்லை.

புத்தி சொல்லாமல் தகப்பன் கடிதம் முடியக் கூடாதாம், அதனால் இதையும் எழுதுகிறேன். உன் சிநேகிதர்களை எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா காரில் ஊர் சுற்றுகிறவன் எவனும் உருப்பட்டதை நான் பார்த்ததில்லை. கரூர்க் கடைக்காரன் உன்னை ஏமாற்றப் பார்ப்பான், சேலத்துக்காரன் இன்னும் சேலத்துக்காரனாகவே இருப்பான். பம்பாயில் உன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இதைவிடப் பெரிய மண்டூகங்களாக இருப்பார்கள். அவர்களையெல்லாம் நீ மனசுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் இகழ்ந்துகொள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, என் ரத்தம் வேறு என்ன செய்யும். ஆனால் யாராவது ஒருவன் உன் கையில் உள்ள குச்சியை வாங்கிப் பார்த்தால், அவனிடம் மட்டும் நிதானமாக இரு. அவன் சொல்கிறதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பதில் சொல். என்னால் முடியாதது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் எனக்கு நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை காலையில் நீங்கள் நாமக்கல்லுக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து காரவள்ளி கார்க்காரனுக்குத் தூரம் இல்லை. நான் விடியற்காலம் இறங்கி மலை அடிவாரத்தில் நிற்கிறேன். கண் மங்கலுக்கு இறங்குவது கஷ்டம்தான், ஆனாலும் இறங்கிவிடுவேன். அம்மா முழங்காலோடு வருகிறேன் என்கிறாள், டோலி கட்டியாவது கொண்டுவருவேன். அவளை நீ பார்த்துவிடு. பிறகு என்னை ஏற்றிக்கொண்டால் ஈரோட்டுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் இருந்தால் அவர் முன்னால் நான்தான் நிற்க வேண்டும். அவர் பையன் செத்த வீட்டுச் சாமான் என்று சொன்ன வாய் இதுதான், அதே வாயால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தண்டவாளம் இன்னும் அங்கே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. வேறு ஒரு பையனுக்குக் கொடுத்திருந்தால் அது நியாயம்தான். வழியில் உனக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், முன் சீட்டில் உட்கார்ந்துகொள்.

கடை எங்கே இருக்கிறது என்று எழுதாமல் விட்டால், நீ என்னை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கடிதத்தை மடித்தும்விட்டேன். இந்தக் கிழட்டு நரிப் புத்தியை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இறங்கு. கூட்ஸ் ஷெட்டை ஒட்டிப் போகிற தெருவில் வலதுகைப் பக்கம் ஐந்தாவது வீடு, எதிரே புளியமரம். நான் அடிவாரத்தில் நிற்பேன். வண்டியை நிறுத்தாவிட்டாலும் சரி, நீ ஈரோட்டுக்குப் போ.

அப்பா